பொய்ச் சங்கும் நல்ல சங்கும்

தூங்குகிற ஆளை நேரத்தோடு எழுப்பிவிடுவதுதான் எங்கள் தொழில். எழுந்தவர் தன் கப்பலைத் தானே பார்த்துக்கொள்வார்.

சிவகாசிப் பக்கம், எம். புதுப்பட்டி சாலையில், ஒரு தகரக் கொட்டகையில் கப்பல்களுக்கு அலாரப் பெட்டி செய்தோம் என்றால் நம்புவீர்களா? செய்தோம். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில், சோமாலியாக் கடற்கொள்ளைக்காரர்கள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் குடியிருந்த காலம் அது. பெரிய கப்பல்கள் எல்லாம் ஒரு கருவி வழியாகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் கடலில் போகும். பெயர் சொல்லாத ஒரு படகு வேகமாகப் பின்பக்கம் நெருங்கினால் எங்கள் பெட்டி அலறும். பின்பக்கம் ஏனென்றால், கப்பலின் பெரிய ரேடாருக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது, புகைபோக்கி மறைக்கும். கொள்ளைக்காரர்களுக்கும் அது தெரியும். அதனால் பின்பக்கத்துக்கென்றே ஒரு சின்ன ரேடாரையும் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்போம்.

அங்கே வேலைக்குச் சேரும்போது எனக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் நாலு மாதப் பெண் குழந்தை. கணவர் செந்தில் ஒரு சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். அந்தக் கப்பல் ஏடன் வளைகுடா வழியாகத்தான் போய் வரும். அதில் எங்கள் பெட்டியும் கிடையாது, வேறு யார் பெட்டியும் கிடையாது. போன் மணி அடித்தாலே கெட்ட செய்தி என்று நினைக்கிற ரகம் நான். இதைப் படிக்கிற உங்களிலும் அந்த ரகம் நிறையப் பேர் இருப்பீர்கள். மகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து இதை எழுதுவது உங்களுக்காகத்தான்.

கடல் பார்த்த அனுபவம்

நான் விருதுநகரில் கான்வென்ட்டில் படித்தவள். கன்னியாஸ்திரி அம்மாக்கள் பிரம்பை வைத்துக்கொண்டு ஏற்றிய ஆங்கிலம் இன்றைக்கும் இறங்கவில்லை. அதற்காகத்தான் அந்த வேலையே கிடைத்தது. பெட்டியோடு போகிற விளக்கப் புத்தகத்தை எழுத வேண்டும். கப்பல்காரர்கள் போன் செய்தால் பேச வேண்டும். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். அதுவரை பட்டாசுக் கிடங்குகளுக்கு, சூடு ஏறினால் கத்துகிற அலாரம் செய்துகொண்டிருந்தவர். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற ஒரு வியாபாரி, "சூடு ஏறினா கத்துதே, ஆள் ஏறினா கத்துமா?" என்று விளையாட்டாகக் கேட்டதில் தொடங்கியது இந்த வியாபாரம்.

நேர்முகத் தேர்வு என்று பயந்து, சான்றிதழ்களை எல்லாம் வரிசையாக அடுக்கி எடுத்துப் போயிருந்தேன். அண்ணாச்சி கோப்பைத் திறக்கவே இல்லை. "ஏம்மா, நீங்க கடலப் பாத்திருக்கீகளா?" என்றார். திருச்செந்தூரில் பார்த்திருக்கிறேன், முழங்கால் அளவுக்கு மேல் இறங்கியதில்லை, வீட்டுக்காரர்தான் கப்பலில் இருக்கிறார் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேசைக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பிறகு சொன்னார்: "போதும்மா. நானும் அங்கனதான் பாத்தேன், முழங்காலுக்கு மேல எறங்கினதில்ல. பயந்தவுக செஞ்சாத்தான் அலாரம் ஒழுங்காக் கத்தும்."

ராக்கெட் இல்லையா?

முகவரியில் சிவகாசி என்று இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தீபாவளி சீசனில்தான் தெரிந்துகொண்டேன். மணி அடிக்கும், நான் ஓடிப்போய் எடுத்து, கான்வென்ட் ஆங்கிலத்தில் கம்பெனி பெயரைச் சொல்லி, கப்பல் பாதுகாப்புக் கருவிகள் என்பேன். அந்தப் பக்கம் ஒருவர், "தரைச்சக்கரம் பெருசா சின்னதா?" என்பார். எங்களிடம் பட்டாசு இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஸ்டாக்கை ஒளித்து வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று சண்டைக்கு வருவார்கள்.

ஒருநாள் நிஜமாகவே ஒரு கப்பல் கம்பெனி அதிகாரி மும்பையிலிருந்து பேசினார். தமிழ்க்காரர். பெட்டி எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு தூரத்தில் படகைக் கண்டுபிடிக்கும் என்று பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். நானும் ஒன்று விடாமல் சொன்னேன். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று பேனாவை எடுத்தேன். அப்போது அவர் சொன்னார்: "எழுப்பி விடுறதெல்லாம் சரிம்மா. எழுந்தவன் கையில கொடுக்க நாலு ராக்கெட்டையும் சேத்து அனுப்புங்க. சிவகாசிக்குப் போன் போட்டு வெறும் சத்தத்த மட்டும் வாங்கினேன்னு தெரிஞ்சா வீட்ல சிரிப்பாங்க."

சங்கு

முதல் பெட்டி தயாரானதும் அதன் சத்தத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. காலை பதினோரு மணி. எங்கள் டெக்னீஷியன் கருப்பசாமி, டிப்ளமோ படித்தவர், ஒலிபெருக்கியைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். உள்ளே சுவிட்சைப் போட்டவர் முத்துமாரி அக்கா. பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிய கை. மயிரிழை மாதிரி இருக்கிற ஒயரையும் ஒரே தடவையில் பிடித்துவிடுவார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் மினுமினுவென்று இருக்கும். அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஒரு கப்பல் முழுக்கக் கேட்க வேண்டிய சத்தம் அது. இரண்டு நிமிஷம் அலறவிட்டு நிறுத்திப் பார்த்தால், சாலை நிறைய ஆட்கள். டீக்கடை வெள்ளையம்மா பெரியம்மா கையில் கரண்டியோடு நிற்கிறார். ஒருத்திக்குத் தலையில் பாதி எண்ணெய். ஒருத்தி பால்குடிப் பிள்ளையை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். எல்லாருடைய கண்ணும் வானத்தில். "புகை எங்கன? புகை எங்கன?" என்று அதே கேள்வி. நான் விருதுநகர்க்காரி, சங்கு என்றால் அலாரம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தச் சாலையில் சங்கு ஊதினால் ஒரே ஒரு அர்த்தம். எந்தக் கம்பெனியில் வெடித்தது, நம் வீட்டு ஆள் எந்த அறையில் இருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் யாரும் எங்களைத் திட்டவில்லை. சிலர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பிப் பார்த்தால் முத்துமாரி அக்காவைக் காணோம். சுவிட்சைப் போட்டவரே கூட்டத்துக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். "அக்கா, நீங்கதானே சுவிட்சப் போட்டீங்க?" என்றேன். அவர் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போட்டது கைதான கான்வென்ட்டு, காலுக்கு அது தெரியலையே."

பொய்ச் சங்கு

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சி வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். மறுநாள் முதல் ஒரு ஏற்பாடு. சத்தம் போட்டுச் சோதிப்பதற்கு முன்னால் கருப்பசாமி சைக்கிளில் தெருத் தெருவாகப் போய், "பொய்ச் சங்கு! பதினோரு மணிக்குப் பொய்ச் சங்கு!" என்று கத்திவிட்டு வர வேண்டும். டிப்ளமோ படித்தது இதற்குத்தானா என்று முதல் வாரம் முனகினார். இரண்டாம் வாரம் தானாகவே ஒரு ராகம் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த வார்த்தை ஊருக்குள் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்று வலி என்று அழுகிற பிள்ளை பொய்ச் சங்கு. நாளையிலிருந்து குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிற புருஷன் பொய்ச் சங்கு. அப்புறம் ஒரு வாரம், பெட்டிகள் எல்லாம் சரியாக இருந்ததால் சோதனையே இல்லை. வெள்ளையம்மா பெரியம்மாவுக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் பட்டாசு வேலை. அவரே கொட்டகைக்கு வந்து கருப்பசாமியிடம் கேட்டார்: "என்ன தம்பி, இந்த வாரம் ஊதலையா? வாரத்துக்கு ஒண்ணாவது ஊதுங்க. பொய்யின்னு தெரிஞ்சு கேக்கையில, அம்புட்டு நல்லாருக்கு."

செம்புத் தகடு

காலையில் நன்றாக ஓடிய பெட்டி மத்தியானம் செத்துக் கிடக்கும். உள்ளே இருக்கிற சிப் போயிருக்கும். கருப்பசாமி முதலில் கரண்ட்டைக் குற்றம் சொன்னார், பிறகு சிப் விற்றவரை, பிறகு சிவகாசி வெயிலை. எனக்கோ ஒவ்வொரு சிப் சாகும்போதும் ஒரு கப்பல் பெட்டி இல்லாமல் போகிற மாதிரி இருக்கும். அது ஏதோ ஒரு கப்பல் என்று மனசு நினைக்காது. செந்தில் இருக்கிற கப்பல் என்றுதான் நினைக்கும்.

மூன்றாவது வாரம் முத்துமாரி அக்கா சாதாரணமாக, "இங்கன ஏன் வாசல்ல செம்புத் தகடு இல்ல?" என்று கேட்டார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகும்போது வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவார்களாம். உடம்பில் சேர்ந்திருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரமும் மண்ணுக்குள் இறங்கிவிடும். நைலான் சேலை கட்டி வந்தால் உள்ளேயே விடமாட்டார்களாம். கருப்பசாமி தலையில் அடித்துக்கொண்டார். மருந்தைப் பற்றவைக்கிற அதே பொறிதான் சிப்பையும் கொல்கிறது. மறுநாளே தகடு வந்தது. நான் பாலியெஸ்டர் சேலைகளை மூட்டை கட்டிவிட்டுப் பருத்திக்கு மாறினேன். அதற்குப் பிறகு சிப்புகள் பிழைத்தன. "இதெல்லாம் நானும் படிச்சிருக்கேங்க்கா, பரீட்சையில எழுதிப் பாஸும் பண்ணேன்" என்றார் கருப்பசாமி. அக்கா ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க படிச்சது பாஸாகுறதுக்குத் தம்பி. நாங்க படிச்சது வீடு திரும்புறதுக்கு."

அண்டா

படகைக் கண்டால் பெட்டி கத்துமா என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கடல் வெம்பக்கோட்டை அணைதான். மழை பெய்து தண்ணீர் நின்ற சமயத்தில், கரைமேல் ரேடாரை நட்டு, டெம்போ பேட்டரியில் பெட்டியை ஓடவிட்டோம். கொள்ளைக்காரனாக நடிக்க, அணையில் மீன் பிடிக்கிற பாண்டி அண்ணன் ஒப்புக்கொண்டார். அவருடைய கப்பல் ஒரு தெர்மாக்கோல் மிதவை. அதன்மேல் உட்கார்ந்து கையால் துடுப்புப் போட்டு எங்களை நோக்கி வந்தார். பெட்டி கம்மென்று இருந்தது. கரைக்கே வந்து, "பே!" என்று கத்தினார். அப்போதும் கம்மென்று இருந்தது.

ரேடாருக்கு இரும்பு, தகரம் மாதிரி உலோகம் என்றால் நன்றாகத் தெரியும். தெர்மாக்கோல் தெரியாது என்றார் கருப்பசாமி. உடனே அண்ணாச்சி, எங்கள் மத்தியானச் சோறு வந்த அலுமினிய அண்டாவைப் பாண்டி அண்ணன் தலையில் கவிழ்த்து அனுப்பினார். கரையை விட்டு நகர்ந்ததுமே பெட்டி அலறியது. நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். பாண்டி அண்ணன் மட்டும் நடுத் தண்ணீரில் அண்டாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி அண்ணாச்சி, அவன் அங்கன அண்டாவக் கவுத்திக்கிட்டா வருவான்?"

கொக்கு

கேள்வி நியாயமானது. கொள்ளைக்காரர்கள் வருவதும் உலோகமில்லாத ஃபைபர் படகில்தான். கருப்பசாமி ரேடாரின் கூர்மையை ஏற்றினார். தெர்மாக்கோல் தெரிந்தது. கூடவே அலை தெரிந்தது, மிதக்கிற ஆகாயத்தாமரை தெரிந்தது, கரையோரம் நிற்கிற கொக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. பெட்டி ஓயாமல் கத்தியது. ஓயாமல் கத்துகிற பெட்டியைக் கப்பல்காரர்கள் இரண்டாம் நாளே அணைத்து வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்; நானே வீட்டில் எதற்கெடுத்தாலும் கத்துகிறவள், என் பேச்சை யார் கேட்கிறார்கள்? பத்து நாள் தினமும் அணைக்குப் போனோம். பத்தாம் நாள் கொக்குக்குச் சும்மா இருந்து, பாண்டி அண்ணனுக்கு மட்டும் கத்தியது பெட்டி. அவர் கரையேறி, உடம்பைத் துவட்டிக்கொண்டே வருத்தமாகச் சொன்னார்: "இம்புட்டு நாள் பழகியும் அது என்னத்தான் திருடன்னு சொல்லுது, பாத்தீகளா?"

எக்ஸ்கியூஸ் மீ

வெறும் சங்கு மட்டும் போதாது, எந்தப் பக்கம் ஆபத்து என்று பெட்டி வாயால் சொல்ல வேண்டும் என்று தூத்துக்குடி வியாபாரி கேட்டார். கம்பெனியில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் குரலையே பதிவு செய்தார்கள். கன்னியாஸ்திரி அம்மாக்கள் சொல்லிக் கொடுத்தபடி, முதலில் எக்ஸ்கியூஸ் மீ சொல்லி, பின்பக்கமாக ஒரு படகு வருவதுபோல் தெரிகிறது, தயவுசெய்து கொஞ்சம் கவனிக்கவும், நன்றி என்று அழகான உச்சரிப்பில் பேசினேன். அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. ரேடியோவில் வருவது மாதிரியே இருக்கிறது என்றார்.

முதல் பெட்டியை வாங்கிய கேப்டன் கொச்சிக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பெட்டியை மாட்டிய மறுநாளே போன் செய்தார். அவர் குரலைக் கேட்டதும் ஏதோ விபரீதம் என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "மேடம், உங்க பெட்டி ரொம்ப நல்ல குடும்பத்துல வளந்த பெட்டி. அவன் ஏணி போட்டு மேல ஏறி முடிக்கிற வரைக்கும் எக்ஸ்கியூஸ் மீ சொல்லிக்கிட்டே இருக்கு."

பின்னாடி

மறுபடி பதிவு செய்தோம். அன்றைக்கு என் அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் மகளையும் கூட்டி வந்திருந்தேன். எட்டு மாதம். அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள், அதுவும் பின்னோக்கி. முன்னால் போக ஆசைப்பட்டுக் கையை ஊன்றுவாள், உடம்பு பின்னால் போகும். அகலமான மேசையில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று மைக்கில் பேசினேன். இந்தத் தடவை எக்ஸ்கியூஸ் மீ இல்லை. எச்சரிக்கை, பின்பக்கம் படகு என்று ஆங்கிலத்தில் சுருக்கமாக முடித்தேன். முடித்துத் திரும்பினால், அவள் மேசையின் விளிம்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி நகர்கிறாள். "பின்னாடி! ஐயோ, பின்னாடி!" என்று நான் அலறிய அலறலில் முத்துமாரி அக்கா பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடித்துவிட்டார். அந்தக் கைகளுக்கு நான் பட்டிருக்கிற கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

அந்தக் களேபரத்தில் பதிவு ஓடிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கருப்பசாமி முதல் வரியைக் கேட்டுவிட்டு, சரியாக இருக்கிறது என்று எல்லாப் பெட்டியிலும் ஏற்றி, கொச்சி கேப்டனுக்கும் புதுப் பதிவை அனுப்பிவிட்டார். கொச்சி கேப்டன் மறுபடி போன் செய்தபோதுதான் என் அலறலும் அதில் சேர்ந்துபோன விஷயம் தெரிந்தது. வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. உடனே மாற்றித் தருகிறோம் என்று கெஞ்சினேன். அவர் பதறிப்போய்த் தடுத்தார்: "தொட்டுறாதீங்க மேடம். என் ஆளுங்க பிலிப்பைன்ஸ்காரங்க, உக்ரைன்காரங்க. இங்கிலீஷ் வரிக்கு எல்லாரும் புரண்டு படுக்குறான். அந்தக் கடைசிக் கத்தலுக்கு, அர்த்தம் தெரியாமலே அத்தனை பேரும் எந்திரிச்சு ஓடுறான்."

நம்ம வீட்டுக் கப்பல்

செந்திலின் கப்பலுக்கும் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரிடம் போனில் சொன்னால், "கம்பெனி வாங்காது சுபா, நீ சும்மா பயப்படாத" என்பார். சும்மா பயப்படாமல் வேறு எப்படிப் பயப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் டீ நேரத்தில் முத்துமாரி அக்காதான் பேசினார். "ஊர்க் கப்பலுக்கெல்லாம் செஞ்சு அனுப்புறோம். நம்ம வீட்டுக் கப்பல் சும்மா போகுதே அண்ணாச்சி" என்றார். அண்ணாச்சி டீயை வைத்துவிட்டு, "இத ஏம்மா இம்புட்டு நாள் சொல்லல?" என்று என்மேல் கோபப்பட்டார். சோதனைக்காக ஒரு பெட்டியை வைத்துக்கொள்ள முடியுமா என்று தூத்துக்குடி வியாபாரி மூலம் அந்தக் கப்பல் கேப்டனுக்கு என்னையே கடிதம் எழுதச் சொன்னார். கேப்டன் சம்மதித்தார். அடுத்த மாதம் சரக்கு ஏற்றத் தூத்துக்குடிக்கு வரும்போது கொடுத்துவிட்டால், செந்திலே மாட்டிக்கொள்வார்.

அந்தப் பெட்டியை முத்துமாரி அக்கா வேறு யாரையும் தொடவிடவில்லை. சாப்பிடப் போய் வந்தால் தகடு, தண்ணீர் குடித்து வந்தால் தகடு. ஒரே நாளில் அந்தச் செம்பு பளபளத்துவிட்டது. டெம்போ வந்து நின்றது. அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடுவதற்கு முன்னால், முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்வது மாதிரி அதன் தலையில் தட்டிச் சொன்னார்: "அங்கன போயி சும்மா சும்மா கத்தாத. வேணுங்கிறப்பக் கத்தாம இருந்துறாத."

தரைச்சக்கரம்

கப்பல் ஏடன் வளைகுடாவுக்குள் நுழைந்தால் மூன்று நாளைக்குப் போன் கிடையாது. நாலாம் நாள் ஓமன் பக்கம் ஒரு துறைமுகத்திலிருந்து பேசுவதாகச் செந்தில் சொல்லியிருந்தார். நாலாம் நாள் போன் வரவில்லை. கொட்டகையில் அன்றைக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்டவர்களே கம்மி. மூன்று தடவை மணி அடித்தது. மூன்று தடவையும் தரைச்சக்கரம். மூன்றாவது ஆளிடம் நான், "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போன வைங்க" என்று அழுதுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு மறுபடி அடித்தது. என்னால் கையைத் தூக்க முடியவில்லை. முத்துமாரி அக்கா எடுத்து, "ஹலோ, கப்பலா?" என்றார். கப்பல்தான். ரிசீவரை என் காதில் வைத்து, விழாமல் அவரே பிடித்துக்கொண்டார். வளைகுடாவில் இரண்டாம் நாள் விடியற்காலையில் இரண்டு படகுகள் பின்பக்கமாக வந்தனவாம். காவலுக்கு நின்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பெட்டி கத்திவிட்டதாம். கேப்டன் வேகத்தைக் கூட்டி, கப்பலை வளைத்து வளைத்து ஓட்டி, தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்டு, எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். கொஞ்ச தூரம் துரத்திவிட்டுப் படகுகள் திரும்பிவிட்டன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகு மேலிடம் சொன்ன வேறு வழியில் சுற்றிப் போனதால்தான் துறைமுகம் சேர ஒருநாள் தாமதம். "நீங்க முழிச்சிட்டிருந்தீங்களா?" என்று எப்படியோ கேட்டேன். "இல்ல, நல்ல தூக்கம்" என்றார் செந்தில். "உன் சத்தம் கேட்டுச்சு. பாப்பா விழுந்துட்டாளோன்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டே எந்திரிச்சேன் சுபா. அப்புறம்தான் கப்பல்ல இருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு."

நல்ல சங்கு

போனை வைத்தோம். முத்துமாரி அக்கா ரிசீவரைப் பிடித்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு, "கருப்பசாமி, சைக்கிள எடுப்பா. பதினோரு மணிக்கு ஊதுவோம்" என்றார். கருப்பசாமி வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "என்னன்னு கத்தணும் அண்ணாச்சி? பொய்ச் சங்குன்னு சொல்ல மனசு வரலையே" என்றார். முத்துமாரி அக்காதான் வார்த்தையைக் கொடுத்தார். சைக்கிள் தெருத் தெருவாகப் போயிற்று: "நல்ல சங்கு! பதினோரு மணிக்கு நல்ல சங்கு!"

ஊதினோம். இரண்டு நிமிஷம் முழுசாக. ஒருவரும் ஓடி வரவில்லை; நடந்து வந்தார்கள், என்ன விசேஷம் என்று சிரித்துக்கொண்டே. அண்ணாச்சி கருப்பட்டி மிட்டாய் வாங்கிவரச் சொல்லியிருந்தார். வெள்ளையம்மா பெரியம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டு, என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தார். ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் கரண்டியும் கையுமாக வானத்தைப் பார்த்து நின்றவர். அந்தச் சாலையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அன்றைக்குச் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது எனக்கு. நன்றி சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. எதையும் சொல்ல முடியாமல் மிட்டாயை நீட்டினேன். அவர் பாதியைக் கடித்து, மீதியை என் வாயில் ஊட்டிவிட்டுச் சொன்னார்: "பொறந்ததுலருந்து சங்குச் சத்தத்துக்கு வானத்தப் பாக்காம வந்தது இன்னிக்கித்தான் தாயி."

அரபிக்கடலில் எத்தனையோ கப்பல்கள் என் ஒரு கத்தலுக்கு எழுந்து திரும்பிப் பார்க்கின்றன. எந்த மகளைப் பார்த்துக் கத்தினேனோ அவள் மட்டும் இன்று வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.